ஒரு தொழில் போனால் ஊர் எப்படித் தேய்கிறது?

குமரி மாவட்டத்தில் மார்த்தாண்டத்திலிருந்து கருங்கல், புதுக்கடை பக்கம் போகும் சாலைகளில் நீண்ட ஓட்டுக் கட்டடங்கள் அங்கங்கே நிற்கும். உயரமான மதில், ஒரு புகைக்கூண்டு, பெரிய இரும்புக் கேட். ஊரில் அண்டி ஆபீஸ் என்போம்; முந்திரிப் பருப்பு ஆலைகள். சிலவற்றில் இன்னும் வேலை நடக்கிறது. சிலவற்றில் சரக்கு வந்தால் மட்டும் நடக்கிறது. சில பூட்டியே கிடக்கின்றன. அதே சாலையில் இரண்டு மாடி, மூன்று மாடிப் புது வீடுகளும் நகைக்கடைகளும் பேக்கரிகளும் முளைத்துக்கொண்டே இருக்கின்றன. அப்படியென்றால் இந்த ஊர் வளர்கிறதா, தேய்கிறதா?

பதில் சொல்வதற்கு முன்னால், தொழில் ஊர் தேய்வது என்றால் என்ன என்று அடியிலிருந்து பார்த்துவிடலாம். இதைப் பற்றி எழுதுகிறவர்கள் வழக்கமாக அமெரிக்காவின் கார் தொழில் நகரமான டெட்ராய்ட்டில் தொடங்குவார்கள். நானும் அங்கே போவேன், ஆனால் கொஞ்ச நேரத்துக்குத்தான். நமக்குச் சொல்லித்தர அதைவிடப் பக்கத்து ஊர்கள் இருக்கின்றன.

ஓர் ஊரின் பணத்தைக் குளமாக வைத்துக்கொள்ளுங்கள். கால்வாயில் தண்ணீர் வர வேண்டும். வந்தது வயலுக்கு வயல் பாய வேண்டும். கொஞ்சம் வெளியே ஒழுகத்தான் செய்யும். ஊருக்கு வெளியே விற்கிற பொருளால் வரும் பணம்தான் கால்வாய்த் தண்ணீர். முந்திரிப் பருப்பு, ரப்பர், மீன், தேன் எல்லாம் இந்த வகை. டீக்கடை, தையல்கடை, ஆட்டோ, டியூஷன், சலூன் இவை வயலுக்கு வயல் பாய்கிற பணத்தில் நடப்பவை. ஆலையில் கூலி வாங்கியவர் தையல்கடையில் கொடுக்கிறார், தையல்காரர் மீன்காரருக்குக் கொடுக்கிறார், மீன்காரர் ஆட்டோவுக்குக் கொடுக்கிறார். சனிக்கிழமை கூலி போடும் ஊரில் சனிக்கிழமை சாயங்காலச் சந்தைக்கு ஒரு தனிக் களை இருப்பது இதனால்தான்.

அமெரிக்க நகரங்களை ஆராய்ந்த பொருளியலாளர் என்ரிக்கோ மொரெட்டி இதற்கு ஒரு கணக்கு சொன்னார். ஓர் ஊரில் புதிதாக ஓர் உற்பத்தித் தொழில் வேலை வந்தால், அதே ஊரில் கடை, உணவகம், பழுதுபார்ப்பு போன்றவற்றில் சராசரியாக 1.6 வேலைகள் கூடுகின்றன என்று அவர் கண்டார். அந்த எண்ணை அப்படியே நம் ஊருக்குப் பொருத்த முடியாது. அங்கே கூலியும் வேறு, செலவுப் பழக்கமும் வேறு. ஆனால் கணக்கின் திசை சரி. ஆலைக்குள் இருப்பவர்களைவிட அதிகம் பேர் ஆலைக்கு வெளியே நின்று அதை நம்பிப் பிழைக்கிறார்கள். ஆலை மூடினால் செய்தியில் ஆலைத் தொழிலாளர்களின் எண்ணிக்கைதான் வரும். எதிரே இருந்த டீக்கடை ஆறு மாதம் கழித்து மூடுவது எந்தக் கணக்கிலும் வராது.

இங்கே ஒரு கேள்வி எழ வேண்டும். வேலை போனால் ஆள்களும் போய்விட வேண்டியதுதானே, ஊர் சின்னதாகி, இருக்கிற வேலைக்கு இருக்கிற ஆள்கள் என்று சமன் ஆகிவிடாதா? ஆகாது. காரணம் வீடு. எட்வர்ட் கிளேசர், ஜோசப் கியூர்கோ என்ற இரு பொருளியலாளர்கள் 2005-ல் இதை அழகாக எடுத்துக்காட்டினார்கள். ஊர் வளரும்போது வீடுகள் வேகமாகக் கட்டப்படும். தேயும்போது வீடுகள் மறைவதில்லை, விலைதான் விழும். விலை விழுந்தால், வேலை இல்லாவிட்டாலும் மலிவான வீட்டுக்காக ஆள்கள் தங்கிவிடுவார்கள். வேறு ஊரில் வாடகை கொடுக்க வழியில்லாதவர்கள் தங்குவார்கள். படிப்போ கைத்தொழிலோ இளவயதோ இருப்பவர்கள் கிளம்பிவிடுவார்கள். அதனால் ஊர் வளர்வது வேகமாகவும் தேய்வது மெதுவாகவும் நடக்கிறது. மிஞ்சுகிறவர்களின் சராசரி வயதும் தேவைகளும் ஏறிக்கொண்டே போகும்.

செலவுப் பக்கம் இன்னும் மோசம். சாலை, குடிநீர்க் குழாய், தெருவிளக்கு எல்லாம் பழைய அளவுக்குப் போடப்பட்டவை. டெட்ராய்ட்டில் 1950-ல் 18.5 லட்சம் பேர் இருந்தார்கள்; 2020 கணக்கெடுப்பில் 6.4 லட்சத்துக்கும் கீழே. ஊரின் பரப்பு குறையவில்லை. மூன்றில் ஒரு பங்கு ஆள்கள் முழு ஊரின் குழாய்க்கும் விளக்குக்கும் வரி கட்ட வேண்டிய நிலை. 2013-ல் அந்த நகராட்சி திவால் மனு போட்டபோது தெருவிளக்குகளில் சுமார் 40 சதவீதம் எரியவில்லை. கார் தொழில் நலிந்தது தொடக்கம் மட்டும்தான். வரி குறைந்து, வசதி குறைந்து, வசதி குறைந்ததால் இன்னும் ஆள்கள் கிளம்பி, மறுபடி வரி குறைந்த சுழல்தான் அந்த ஊரை மூழ்கடித்தது.

தங்கம் தோண்டிய தமிழர் ஊர்

சரி, பக்கத்துக்கு வருவோம். கர்நாடகத்துக் கோலார் தங்கவயல் நம்மவர்கள் உழைத்துக் கட்டிய ஊர். 1880-களில் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்ற ஆங்கிலேய நிறுவனம் சுரங்கத்தைப் பெரிதாக்கியபோது, வட ஆற்காடு பக்கத்திலிருந்து ஏராளமான குடும்பங்கள், பெரும்பாலும் நிலமில்லாத தலித் குடும்பங்கள், பிழைப்புக்காக அங்கே போனார்கள். 1902-லேயே சிவனசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. அப்போது இந்தியாவின் பெரிய நகரங்களில்கூட மின்விளக்கு அபூர்வம். சாம்பியன் ரீஃப் சுரங்கம் தரைக்குக் கீழே மூன்று கிலோமீட்டருக்கும் மேல் இறங்கியது. குடியிருப்பு கம்பெனியுடையது, ஆஸ்பத்திரி கம்பெனியுடையது, தண்ணீரும் கம்பெனியுடையது.

2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடப்பட்டது. தோண்டி எடுக்கும் செலவு கிடைக்கும் தங்கத்தின் மதிப்பைத் தாண்டிவிட்டது. அன்றைக்குச் சம்பளம் மட்டும் நிற்கவில்லை. ஊருக்கென்று தனியாக ஒரு நகராட்சி செய்ய வேண்டிய வேலைகள் பலவற்றைக் கம்பெனியே செய்து வந்ததால், ஆஸ்பத்திரியும் பராமரிப்பும் சேர்ந்தே தளர்ந்தன. நிலம் கம்பெனியின் பெயரில் இருந்ததால் அதில் வேறு தொழில் தொடங்குவதும் லேசில் நடக்கவில்லை. சயனைடு கழிவு மண் மேடுமேடாகக் கிடந்தது; காற்றடித்தால் வீட்டுக்குள் வரும். இளைஞர்கள் என்ன செய்தார்கள்? விடிவதற்கு முன்னால் மாரிக்குப்பத்தில் ரயில் ஏறி, சுமார் நூறு கிலோமீட்டர் தள்ளியுள்ள பெங்களூருக்கு வேலைக்குப் போய், இரவு திரும்பி வருகிறார்கள். ஊர் காலியாகவில்லை, ரயில் இருந்ததால் தப்பியது. ஆனால் பகலில் உழைக்கும் வயதினர் இல்லாத ஊர் ஆனது.

இதற்கு எதிர்ப்புறம் ஸ்ரீபெரும்புதூர். அங்கே 2006-ல் உற்பத்தி தொடங்கிய நோக்கியா செல்போன் ஆலை 2014 நவம்பர் 1-ல் நின்றது. ஆயிரக்கணக்கான இளம்பெண்கள் வேலை இழந்தார்கள். அந்தக் குடும்பங்களுக்கு அது பெரிய அடி, அதைச் சிறியதாகப் பேசக் கூடாது. ஆனால் ஊர் கோலார் போல ஆகவில்லை. சுற்றிலும் கார் ஆலை, உதிரிபாக ஆலை, கண்ணாடி ஆலை என்று பத்துக் கால்வாய்கள் இருந்தன. அதே நோக்கியா கட்டடத்தைப் பின்னர் சால்காம்ப் நிறுவனம் எடுத்துக்கொண்டு சார்ஜர் தயாரிப்பைத் தொடங்கியது.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று புரியும். ஆலை மூடுவதால் மட்டும் ஊர் தேய்வதில்லை. அந்த ஆலையைத் தவிர வேறு கால்வாய் இல்லாதபோதுதான் தேய்கிறது.

அண்டி ஆபீஸ் வந்ததும் போவதும்

முந்திரி மரமே பிரேசிலிலிருந்து போர்ச்சுகீசியர் கொண்டுவந்தது. பருப்பு எடுக்கும் தொழிலுக்குத் தலைநகர் கொல்லம். கிழக்கு ஆப்பிரிக்காவில் விளைந்த கொட்டை கப்பலில் வந்து, கொல்லத்துப் பெண்களின் கையால் உடைபட்டு, பருப்பாகி அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் போனது. கேரளத்தில் தொழிற்சங்கமும் குறைந்தபட்சக் கூலி விதிகளும் வலுத்தபோது, முதலாளிகள் பலர் எல்லையைத் தாண்டி இந்தப் பக்கம் ஆலை வைத்தார்கள். 1956 நவம்பர் 1-ல் சென்னை மாநிலத்தோடு சேர்ந்த விளவங்கோடு, கல்குளம் தாலுகாக்களில் ஆள் நெருக்கம் அதிகம், நிலம் கொஞ்சம், வீட்டுக்கு அருகில் கூலி வேலை தேடிய பெண்கள் நிறையப் பேர். எல்லைக்கு இந்தப் பக்கம் கூலி குறைவு என்பதுதான் தொழில் இங்கே வந்ததற்கு முக்கியக் காரணம். அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கூலி குறைவுக்காக வருகிற தொழில், அதைவிடக் குறைந்த செலவு வேறெங்காவது கிடைக்கிற வரைதான் இருக்கும்.

வேலை லேசானது இல்லை. கொட்டையை வறுத்தோ அவித்தோ, ஒவ்வொன்றாக உடைத்து, பருப்பின் மேலுள்ள மெல்லிய தோலை உரித்து, அளவுக்கும் நிறத்துக்கும் ஏற்பத் தரம் பிரிக்க வேண்டும். ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் தோலைப் பொசுக்கும்; சாம்பலோ எண்ணெயோ கையில் தடவிக்கொண்டுதான் உடைப்பார்கள், அப்படியும் விரல்கள் கறுத்துப்போகும். நாலைந்து கிலோ கொட்டையிலிருந்து ஒரு கிலோ பருப்புதான் கிடைக்கும். அதில் உடையாத முழுப் பருப்புக்குத்தான் விலை. டபிள்யூ 320 என்று கடைப் பாக்கெட்டில் பார்த்திருப்பீர்கள். ஒரு பவுண்டு எடைக்கு 300 முதல் 320 பருப்பு நிற்கும் அளவு என்று பொருள். எண்ணிப் பார்க்காமல், கண்ணால் பார்த்தே அதைப் பிரிப்பார்கள் நம் ஊர் அக்காமார்.

பிறகு வியட்நாம் வந்தது. அங்கே உடைப்பதையும் உரிப்பதையும் இயந்திரத்துக்கு மாற்றினார்கள். 2006-ல் முந்திரிப் பருப்பு ஏற்றுமதியில் இந்தியாவை முந்தினார்கள். கொட்டை விளைவிக்கும் ஆப்பிரிக்க நாடுகளும், குறிப்பாக ஐவரி கோஸ்ட், எங்கள் கொட்டையை நாங்களே உடைப்போம் என்று உள்ளூர் ஆலைகளுக்குச் சலுகை கொடுக்கத் தொடங்கின. கொட்டை விலை ஏறியது, பருப்பு விலை அந்த அளவுக்கு ஏறவில்லை. இந்த நேரம் பார்த்து 2016 மத்திய பட்ஜெட்டில் பச்சைக் கொட்டை இறக்குமதிக்கு 5 சதவீத வரி விழுந்தது. தொழில் அமைப்புகள் கூக்குரல் போட்ட பின் 2018-ல் அது 2.5 சதவீதமானது. அதற்குள் வங்கிக் கடனில் ஓடிய ஆலைகள் பல சாய்ந்துவிட்டன. கொல்லத்தில் தனியார் ஆலைகளில் பெரும்பாலானவை அந்தச் சில ஆண்டுகளில் மூடின. அந்த அலையின் அடி இங்கேயும் விழுந்தது.

ஆனால் அடி விழுந்த விதம் வேறு. அமெரிக்காவில் யங்ஸ்டவுன் என்ற எஃகு நகரத்தில் 1977 செப்டம்பர் 19, ஒரு திங்கட்கிழமை, பெரிய ஆலை ஒன்றை மூடுவதாக அறிவித்தார்கள். 5,000 பேர் வேலை போனது. ஊர் முழுக்க நினைவில் வைத்திருக்கும் ஒரு தேதி அது. அண்டி ஆபீஸுக்கு அப்படி ஒரு தேதி கிடையாது. ஆறு நாள் வேலை நாலு நாள் ஆகும், அப்புறம் மாதத்துக்குப் பத்து நாள் ஆகும், அப்புறம் சரக்கு வந்தால் சொல்லி அனுப்புவார்கள். பெயர்ப்பலகை இருக்கும், ரெஜிஸ்டரில் பெயரும் இருக்கும். உரிமைகள் மட்டும் ஒவ்வொன்றாகக் கழன்றுவிடும். உதாரணமாக, இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டில் நோய்க்கால உதவித்தொகை வாங்க ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் குறைந்தது 78 நாளுக்குப் பங்களிப்பு செலுத்தியிருக்க வேண்டும். பணிக்கொடைக்கு (கிராஜுவிட்டி) ஓர் ஆண்டை முழு ஆண்டாக எண்ணப் பொதுவாக 240 நாள் வேலை வேண்டும். ஆலை மூடினால் இழப்பீடு கேட்டுப் போராடலாம். வேலை நாள் குறைந்தால் யாரிடம் போய் என்ன கேட்பது?

குளம் நிறைந்திருக்கிறது, ஆனால்...

இப்போது முதல் கேள்விக்குத் திரும்பலாம். தொழில் இப்படி இளைத்தும் கருங்கலும் மார்த்தாண்டமும் ஏன் கோலார் போல ஆகவில்லை?

முதல் காரணம், இங்கே கம்பெனிக் குடியிருப்பு கிடையாது. அவரவர் அஞ்சு செண்டு, பத்து செண்டில், நாலு தென்னைக்கு நடுவில் வீடு. ஆலை போனால் வீடு போகாது. இரண்டாவது, கால்வாய் மாறிவிட்டது. வளைகுடா நாடுகள், கப்பல் வேலை, ஆழ்கடல் மீன்பிடி, நர்ஸ் வேலை, சென்னை பெங்களூர் ஐ.டி. வேலை, திருவனந்தபுரத்துக்கு தினமும் ரயிலிலும் பஸ்ஸிலும் போய்வரும் வேலை என்று பணம் வேறு வேறு வழிகளில் வருகிறது. 2011 கணக்கெடுப்பில் மாவட்டத்தின் எழுத்தறிவு 91.75 சதவீதம், தமிழ்நாட்டிலேயே அதிகம். படித்த பிள்ளைகளை வெளியே அனுப்பி, அவர்கள் அனுப்பும் பணத்தில் நடக்கும் பொருளாதாரம் இது. மக்கள்தொகையும் 2001-க்கும் 2011-க்கும் இடையில் 16.76 லட்சத்திலிருந்து 18.70 லட்சமாக ஏறத்தான் செய்தது. தலையை எண்ணினால் நாம் தேயவே இல்லை.

எனக்கு இந்தத் தலைக்கணக்கில் நம்பிக்கை இல்லை. பணம் வருகிறதா என்று மட்டும் கேட்டால் போதாது, யார் கையில் வருகிறது, எதற்குச் செலவாகிறது என்றும் கேட்க வேண்டும். அண்டி ஆபீஸ் கூலி ஒரு பெண்ணின் கையில் வாராவாரம் வந்த சிறு பணம். அது மீனுக்கும் அரிசிக்கும் பிள்ளையின் ஃபீஸுக்கும் சீட்டுக்கும் உள்ளூரிலேயே போனது. வெளிநாட்டு டிராஃப்ட் பெரிய பணம். பெரும்பாலும் ஆணின் பெயரில் வரும். நிலத்துக்கும் கான்கிரீட்டுக்கும் நகைக்கும் போகும். சிமெண்டும் கம்பியும் தங்கமும் இங்கே செய்கிற பொருள்கள் இல்லை, வந்த பணத்தில் பாதி வந்த வேகத்திலேயே வெளியே ஒழுகிவிடும். அதோடு, டிராஃப்ட் எல்லா வீட்டுக்கும் வருவதில்லை. மகன் வெளிநாட்டில் இல்லாத, கணவர் உடல்நிலை சரியில்லாத, ஐம்பது வயதான ஒரு முந்திரித் தொழிலாளியைப் பொறுத்தவரை இந்த ஊர் தேய்ந்த ஊர்தான். எதிர்வீடு மூன்று மாடியானதால் அவருக்கு விலைவாசி மட்டும் ஏறியிருக்கிறது.

இவருக்கு மாற்று என்ன? நூறு நாள் வேலைக்குப் போகலாமே என்று சென்னையில் இருக்கும் நண்பர்கள் கேட்பார்கள். இந்த மாவட்டத்தின் விசித்திரமான ஒரு சிக்கல் இங்கே இருக்கிறது. 2011 கணக்கெடுப்பின்படி குமரி மாவட்டத்தில் 82 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்கள் நகர்ப்புறத்தில் இருக்கிறார்கள். நேரில் பார்த்தால் வாழையும் ரப்பரும் தென்னையுமாகக் கிராமம் போலத்தான் தெரியும், ஆனால் நிர்வாகக் கணக்கில் சுமார் ஐம்பது பேரூராட்சிகள். நூறு நாள் வேலை கிராம ஊராட்சிகளுக்கானது. ஒரே தெருவின் இந்தப் பக்கம் ஊராட்சி, அந்தப் பக்கம் பேரூராட்சி என்றால், அந்தப் பக்கத்து அக்காவுக்கு அது கிடையாது.

அதற்காக அண்டி ஆபீஸ் பழையபடி திரும்ப வேண்டும் என்று நான் ஏங்கவில்லை. கறுத்த விரல்களோடு அம்மா உழைத்துப் படிக்கவைத்த மகள் அதே பலகையில் போய் உட்கார வேண்டும் என்று யாரும் விரும்ப மாட்டார்கள், அந்த அம்மாவும்தான்.

மீட்பு என்று எதைச் சொல்வது?

தேய்ந்த ஊர்களை மீட்க உலகில் செய்து பார்த்த வழிகளில், அரசியல்வாதிகளுக்கு மிகவும் பிடித்தது சுற்றுலா. அதற்கு எச்சரிக்கையாக ஜப்பானின் ஹொக்கைடோ தீவில் யூபாரி என்ற நிலக்கரி ஊர் இருக்கிறது. 1960 வாக்கில் ஒரு லட்சத்துக்கும் மேல் மக்கள் இருந்தார்கள். சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடி 1990-ல் கடைசியும் மூடியது. நகராட்சி கடன் வாங்கிக் கேளிக்கைப் பூங்காவும் ஹோட்டலும் கட்டியது. கடனை அடைக்கும் அளவுக்கு ஆள் வரவில்லை. 2007-ல் ஊர் திவால் நிலைக்குப் போய், பள்ளிகளை ஒன்றாக இணைத்து, ஊழியர்களைப் பாதியாகக் குறைக்க வேண்டியதாயிற்று. நம் பக்கம் விவேகானந்தர் பாறைக்கும் திருவள்ளுவர் சிலைக்கும் நடுவில் 2024 டிசம்பரில் 77 மீட்டர் கண்ணாடிப் பாலம் திறந்தார்கள். நல்ல பாலம், கூட்டமும் வருகிறது. ஆனால் முக்கடலில் சூரியோதயம் பார்க்க வந்தவர் கன்னியாகுமரியில் தங்கி, பத்மநாபபுரம் அரண்மனை பார்த்துவிட்டு, திருவனந்தபுரம் போய்விடுவார். அந்தப் பணம் புதுக்கடை வரை பாய்வதில்லை.

ஸ்பெயினின் பில்பாவோவைச் சொல்லி, அருங்காட்சியகம் கட்டினால் ஊர் எழுந்துவிடும் என்பார்கள். 1997-ல் திறந்த குகன்ஹைம் அருங்காட்சியகம் புகழ் கொண்டுவந்தது உண்மை. ஆனால் அதற்கு முன்பே ஆற்றின் சாக்கடையைச் சுத்தப்படுத்தும் வேலை பல வருடங்களாக நடந்துகொண்டிருந்தது, துறைமுகம் கடல் முகத்துக்கு நகர்ந்துகொண்டிருந்தது, 1995-ல் மெட்ரோ ரயில் வந்துவிட்டது. கட்டடம் கடைசியாக வந்த பூச்சு.

யங்ஸ்டவுன் வேறு மாதிரி யோசித்தது. 2005-ல், நாம் இனிப் பழைய 1.7 லட்சம் ஆகப் போவதில்லை, 80,000 பேருக்கு ஏற்ற ஊராகத் திட்டமிடுவோம் என்று ஒப்புக்கொண்டார்கள். காலி வீடுகளை இடித்து, இருக்கும் தெருக்களை ஒழுங்காக வைத்துக்கொள்வது திட்டம். எனக்கு அந்த நேர்மை பிடிக்கும். ஆனாலும் 2020-ல் அங்கே 60,000 பேர்தான். சின்ன ஊருக்கும் ஒரு கால்வாய் வேண்டும். இடிப்பதால் மட்டும் அது வந்துவிடாது.

நம் மாவட்டத்திலேயே விழுந்து எழுந்த ஒரு தொழில் இருக்கிறது. மார்த்தாண்டம் தேன். 1920-களில் ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கர் மார்த்தாண்டம் ஒய்.எம்.சி.ஏ. வழியாகக் கிராமச் சீரமைப்பு வேலை தொடங்கியபோது, பெட்டியில் தேனீ வளர்ப்பையும் பரப்பினார். கூட்டுறவுச் சங்கம் வந்தது. இந்தத் தேனின் பெரும்பகுதி பூவில் கிடைப்பதில்லை என்பது பலருக்குத் தெரியாது. ரப்பர் மரம் குளிர்காலத்தில் இலை உதிர்த்து மறுபடி தளிர்க்கும்போது, தளிர் இலைக் காம்பின் நுனியில் தேன் சுரக்கும். அந்த மாதங்களில் பெட்டிகளை ரப்பர் தோட்டத்துக்குத் தூக்கிக்கொண்டு போவார்கள், கேரளம் வரைக்கும் போவார்கள்.

1991-92-ல் தாய் சாக்புரூட் என்ற வைரஸ் நோய் தென்னிந்தியா முழுவதும் இந்தியத் தேனீயைத் தாக்கியது. புழுக்கள் அறைக்குள்ளேயே செத்தன. பெட்டிகளில் மிகப் பெரும்பாலானவை காலியாயின. அன்றைக்கு யாராவது கணக்குப் போட்டிருந்தால், தொழில் முடிந்தது என்றுதான் எழுதியிருப்பார்கள்.

முடியவில்லை. ஏன் என்று பார்த்தால் மீட்பு என்பதன் உள்விவரம் கிடைக்கும். ஈ செத்ததே தவிர, பெட்டி இருந்தது, தேன் பிழியும் கருவி இருந்தது, ராணி ஈயைப் பார்த்தவுடன் அடையாளம் காணும் கண் இருந்தது. காட்டிலும் மரப்பொந்திலும் நோயைத் தாங்கி மிஞ்சிய கூட்டங்களைப் பிடித்து மறுபடி பிரித்துப் பெருக்கினார்கள். தொழில் ஒரே மதிலுக்குள் இல்லாமல் ஆயிரம் தோட்டங்களில் சிதறி இருந்ததும் உதவியது; மூடுவதற்கு ஒரு முதலாளி இல்லை. தேனீ வளர்த்தவர்களில் பெரும்பாலோருக்கு அது ஒன்றே தொழிலும் இல்லை, அதனால் சில வருடம் காத்திருக்க முடிந்தது. இப்போது அந்தத் தொழிலுக்குள்ள ஆபத்து வேறு: 2011-ல் கிலோ 200 ரூபாயைத் தாண்டிய ரப்பர், 2016 தொடக்கத்தில் 100 ரூபாய்க்கும் கீழே போனது. அப்படி விழும்போதெல்லாம் சிலர் மரத்தை வெட்டி வேறு பயிர் வைக்கிறார்கள். தளிர் இல்லாவிட்டால் தேனும் இல்லை.

இதை முந்திரிக்குப் பொருத்திப் பாருங்கள். அழியாமல் வைத்துக்கொள்ள வேண்டியது கட்டடத்தைவிடக் கைப்பழக்கம்தான், அதிலும் தரம் பிரிக்கும் கண். உடைப்பதும் உரிப்பதும் இயந்திரத்துக்குப் போகத்தான் போகும். அதை எதிர்ப்பதில் பயனில்லை, அந்த வேலையில் யாரும் விரல் கெட வேண்டியதில்லை. ஆனால் இயந்திரம் வந்த ஆலை பழைய எண்ணிக்கையில் பாதிப் பேரைக்கூட எடுக்காது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆலை மீண்டது வேறு, வேலை மீண்டது வேறு. ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு அப்பால் முப்பந்தலில் சுற்றும் காற்றாலைகளைப் பாருங்கள். நாட்டின் பெரிய காற்றாலைத் தொகுப்புகளில் ஒன்று. முதலீடு பெரியது, மின்சாரம் பெரியது, ஆனால் ஒரு காற்றாடியைப் பார்த்துக்கொள்ள எத்தனை பேர் வேண்டும்? நிலத்தை விற்றவர்களுக்கு ஒருமுறை பணம் வந்தது, லாபம் முதலீட்டாளரின் ஊருக்குப் போகிறது. புகை இல்லாத நல்ல தொழில்தான். ஒரு தாலுகாவைத் தூக்கி நிறுத்தும் தொழில் இல்லை.

வேலையும் சேர்ந்து மீள வேண்டுமென்றால், மிச்சமிருக்கும் வேலையின் மதிப்பு ஏற வேண்டும். இப்போது பருப்பு டின்னிலும் மொத்தப் பையிலும் போய், வேறு யாரோ வறுத்து, உப்பும் மிளகும் தூவி, பாக்கெட் போட்டு, நமக்கே திரும்ப விற்கிறார்கள். உடைந்த பருப்பு மலிவாகப் போகிறது. கொல்லாம்பழம், அதாவது முந்திரிப்பழம், கோவாவில் ஃபெனி என்ற மது ஆகிறது, இங்கே மரத்தடியில் அழுகுகிறது. ஓட்டெண்ணெய் பெயிண்டுக்கும் வண்டிகளின் பிரேக் பகுதிகளுக்கும் மூலப்பொருள். அதை எடுத்து விற்கிற அளவுக்கு மேல் நாம் போகவில்லை. இவை எல்லாம் சின்னக் கால்வாய்கள். பெரிய ஆலை ஒன்றைக் கொண்டுவருவேன் என்று மேடையில் சொல்வது போல இவற்றைச் சொல்லிக் கைதட்டு வாங்க முடியாது. ஆனால் ஒன்று வற்றினாலும் மற்றது ஓடும் என்ற பாதுகாப்பு இவற்றில்தான் இருக்கிறது.

அடுத்த சில ஆண்டுகளில் கவனிக்க வேண்டிய இடம் கேரள எல்லையிலுள்ள களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. விழிஞ்ஞம் துறைமுகம் 2025 மே 2-ல் முறைப்படி திறக்கப்பட்டது. அதைக் கட்டுவதற்கு நம் பக்கத்து மலைகளிலிருந்து கல் ஏற்றிய டாரஸ் லாரிகள் சாலையை எப்படிச் சிதைத்தன என்பது எல்லாருக்கும் தெரியும். பெரிய கப்பலிலிருந்து சின்னக் கப்பலுக்குக் கண்டெய்னர் பெட்டி மாற்றுவது மட்டும் அங்கே நடந்தால் நமக்கு ஒன்றும் கிடைக்காது. கிட்டங்கி, குளிர்பதனக் கிடங்கு, பொட்டலம் போடும் கூடம், லாரிப் பட்டறை என்று துறைமுகத்தைச் சுற்றி வளரும் தொழில்களுக்கு இடமும் ஆளும் வேண்டும். பெரிய மதிலும் உயரமான கூரையும் ரோட்டோர வாசலும் உள்ள அண்டி ஆபீஸ் கட்டடங்கள் எல்லைக்கு இந்தப் பக்கம் சும்மா கிடக்கின்றன. தரம் பிரிக்கத் தெரிந்த கைகளும் இருக்கின்றன. கிடங்கு உரிமம், தீயணைப்புச் சான்று, கண்டெய்னர் திரும்பும் அளவுக்கு ஒரு சாலை, பேரூராட்சியில் இருக்கும் ஐம்பது வயதுப் பெண்ணுக்கும் இடம் தரும் மூன்று மாதப் பயிற்சி. தமிழ்நாட்டுப் பக்கம் செய்ய வேண்டிய வேலை இப்போதைக்கு இவ்வளவுதான். உங்கள் வார்டு கவுன்சிலரிடம் முதலில் சாலையைப் பற்றிக் கேளுங்கள்.